எலெக்ட்ரா: காலிக் கலசம் யாரை ஏமாற்றுகிறது?

குறுக்குக்கேள்வி எழுதியது:

பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபொக்ளிசின் 'எலெக்ட்ரா' நாடகம் பற்றி இரண்டு சந்தேகம். ஒன்று மேடை சம்பந்தப்பட்டது. பேசுகிற பாத்திரங்கள் ஆறு: எலெக்ட்ரா, தம்பி ஒரெஸ்தஸ், அவனை வளர்த்த கிழவர், தங்கை கிரிசோதெமிஸ், தாய் கிளைட்டெம்னெஸ்ட்ரா, அவள் கூட்டாளி ஏகிஸ்தஸ். ஏதென்சில் இதை மூன்று நடிகர்களை வைத்தே முடித்தார்கள் என்கிறார்கள். எப்படிப் பிரித்தார்கள்?

இரண்டாவது கதையைப் பற்றியது. அப்பா அகமெம்னானைக் கொன்ற தாயையும் ஏகிஸ்தசையும் பழிவாங்க வந்த ஒரெஸ்தஸ், அதே அப்பாவுக்காக வருஷக்கணக்காக அழுதுகொண்டிருக்கும் அக்காவிடம் தான் செத்துவிட்டதாகச் சொல்லி, தன் சாம்பல் என்று ஒரு காலிக் கலசத்தையும் கொடுத்து ஏன் வதைக்கிறான்? எதிரியை ஏமாற்றுவது சரி. வீட்டுக்குள் இருந்த ஒரே விசுவாசியையும் ஏன்?

திரைக்குப்பின் எழுதியது:

முதல் கேள்விக்கு நான். முதல் நடிகருக்கு எலெக்ட்ரா மட்டும்தான். 86ஆம் வரியில் வெளியே வந்தால் 1383 வரை மேடையை விட்டு நகர மாட்டாள். மொத்த நாடகமே 1510 வரி. அவருக்கு வேறு வேடம் கொடுக்க இடமே இல்லை.

இரண்டாம் நடிகருக்கு ஒரெஸ்தஸும் கிளைட்டெம்னெஸ்ட்ராவும். மூன்றாமவருக்குக் கிழவர், கிரிசோதெமிஸ், ஏகிஸ்தஸ். கிரிசோதெமிசை இரண்டாமவருக்குத் தள்ளினாலும் வேலை நடக்கும், ஆனால் அவருக்கு மூச்சு வாங்கும். 471ல் தங்கையாக உள்ளே போய், ஒரு பாட்டு முடிவதற்குள் 516ல் தாயாக வர வேண்டும். முகமூடி, மேலங்கி, நடை மூன்றும் மாற நாற்பத்துச் சொச்சம் வரிதான்.

நெருக்கடியான இடம் ஒன்றே ஒன்று. 660ல் கிழவர் பொய்ச்செய்தியோடு வரும்போது எலெக்ட்ரா, தாய், கிழவர் மூவரும் ஒரே சமயத்தில் மேடையில் நின்று பேசுகிறார்கள். அதனால் தாயும் கிழவரும் ஒருவராக இருக்கவே முடியாது. இதைத் தாளில் முதலில் குறித்துக்கொண்டால் மற்றது தானாக விழும். ஒரெஸ்தஸின் நண்பன் பிலாடிஸ் வாயே திறக்காதவன். யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆனால் சும்மா நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கோரஸ் என்ற பாட்டுக்குழு பதினைந்து பேர், மைசீனி ஊர்ப் பெண்கள். அவர்கள் கணக்கு தனி.

பழையதாள் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு விடை 82ஆம் வரியில் இருக்கிறது, யாரும் அங்கே நிற்பதில்லை.

தொடக்கக் காட்சியில் ஒரெஸ்தஸ், கிழவர், பிலாடிஸ் மூவரும் திட்டம் பேசி முடித்து நிற்கும்போது அரண்மனைக்குள்ளிருந்து ஒரு அழுகுரல் கேட்கிறது. ஒரெஸ்தஸ் கேட்கிறான்: அது எலெக்ட்ராவா, இங்கேயே நின்று கேட்கலாமா? கிழவர் கூடாது என்கிறார். முதலில் தெய்வம் அப்பல்லோ சொன்னதைச் செய், அப்பா சமாதிக்கு நீர் வார், அதில்தான் வெற்றி. மூவரும் போய்விடுகிறார்கள். அடுத்த நொடியே எலெக்ட்ரா கதவைத் திறந்து வெளியே வருகிறாள். பத்து வரி தாமதித்திருந்தால் அக்காவும் தம்பியும் சந்தித்திருப்பார்கள். சந்திப்பு ஆயிரத்து நூறு வரி தள்ளிப்போகிறது. அந்த ஆயிரத்து நூறு வரிதான் நாடகம்.

ஆக ஒரெஸ்தஸ் அவளை ஏமாற்ற நினைக்கவில்லை. அவளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எனக்கு இது அதைவிட மோசமாகப் படுகிறது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

அப்படியானால் பழி கிழவர் மேலா? திட்டத்தின் மூளை அவர்தானே?

பழையதாள் எழுதியது:

மூளை ஒரெஸ்தஸ்தான். கேடயமும் படையும் இல்லாமல், வஞ்சகத்தால் முடி என்று டெல்ஃபி கோயிலில் அப்பல்லோ குறி சொன்னதாக அவனே சொல்கிறான். ஆதாயம் வருமென்றால் எந்தச் சொல்லும் கெட்டதில்லை என்பதும் அவன் வாய்ச்சொல். கிழவர் அதை நிறைவேற்றுகிற கை.

திட்டத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள், சாமர்த்தியம் தெரியும். கிழவர் தன்னை ஃபனோட்டியஸ் அனுப்பிய ஆள் என்கிறார். ஃபோகிஸ் நாட்டில் அவன் கிளைட்டெம்னெஸ்ட்ராவின் கட்சி. பின்னால் கலசத்தோடு வரும் ஒரெஸ்தஸோ தன்னை அனுப்பியவர் ஸ்ட்ரோஃபியஸ் என்கிறான். அவர் ஒரெஸ்தஸின் கட்சி. ஒரே சாவுக்கு இரண்டு சாட்சி, ஒருவன் எதிரி பக்கத்து ஆள், மற்றவன் நண்பன் பக்கத்து ஆள். எதிர் முகாம்கள் இரண்டும் ஒரே சேதியைச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? மொழிபெயர்ப்பில் இரண்டு பெயர்களையும் வெட்டி "ஃபோகிசிலிருந்து வருகிறோம்" என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். பொய்யின் எலும்பே அதுதான்.

ஒற்றைவிளக்கு எழுதியது:

அந்தப் பொய்ச்செய்தியைப் பற்றி நான் எழுதுகிறேன். 680 முதல் 763 வரை, எண்பத்து நான்கு வரி. டெல்ஃபியின் பித்தியன் விளையாட்டில் தேரோட்டி ஒரெஸ்தஸ் செத்தான் என்று, நடக்கவே நடக்காத ஒரு பந்தயம். வெட்டிச் சுருக்கலாமா என்று எல்லோரும் கேட்கிற இடமும் இதுதான்.

வெட்டக் கூடாது. பத்து தேர்கள். அகாயன் ஒருவன், ஸ்பார்ட்டாக்காரன், லிபியாவிலிருந்து இருவர், ஐந்தாவதாகத் தெசலிப் பெண்குதிரைகளோடு ஒரெஸ்தஸ், பிறகு ஏடோலியன், மக்னீசியன், வெள்ளைக் குதிரைகளோடு ஏனியன், ஏதென்ஸ்காரன், பத்தாவது பியோஷியன். ஆறாவது சுற்று முடிந்து ஏழாவது தொடங்கும்போது ஏனியனின் அடங்காத குதிரைகள் பிய்த்துக்கொண்டு லிபியத் தேரில் மோதுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகத் தேர்கள் நொறுங்க, டெல்ஃபிக்குக் கீழே உள்ள கிரிசா சமவெளி முழுக்கத் தேர்ச்சிதறல். ஏதென்ஸ்காரன் சுதாரித்து ஒதுங்கிவிடுகிறான். ஒரெஸ்தஸ் கடைசியில் பாய்ந்துகொள்ளலாம் என்று பின்தங்கியே ஓட்டியவன், அதனால் தப்பினான். மிச்சம் இரண்டே தேர்.

இப்போது கைவேலை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் சக்கரக் குடம் கல்தூணை உரசுகிற மாதிரி ஒட்டி ஓட்டுகிறான். வலது ஓரக் குதிரைக்குக் கடிவாளத்தைத் தளர்த்தி, உள்பக்கத்துக் குதிரையை இறுக்கிப் பிடிக்கிறான். கடைசித் திருப்பத்தில் குதிரை திரும்பி முடிப்பதற்குள் இடது கடிவாளத்தைத் தளர்த்திவிடுகிறான். தூணின் விளிம்பில் அடி, அச்சு முறிகிறது, கம்பிமேல் உருண்டு விழுந்து கடிவாள வாரில் சிக்கி இழுபடுகிறான்.

எல்லாச் சுற்றிலும் சரியாகச் செய்ததையே கடைசிச் சுற்றில் தவறாகச் செய்தான் என்று சொல்வதால்தான் கேட்பவர் நம்புகிறார். "தேர் கவிழ்ந்து செத்தான்" என்று ஒரு வரியில் சொன்னால் கிளைட்டெம்னெஸ்ட்ரா நாலு கேள்வி கேட்டிருப்பாள். உடலை அங்கேயே எரித்தாயிற்று, சாம்பல் வருகிறது என்று முடிப்பதால் பிணத்தைக் காட்டச் சொல்லவும் வழியில்லை.

நடிப்பில் கெடுவது எங்கே என்றால், கிழவர் வேடக்காரர் தூதர் வேஷத்தை மறந்து தானே அழத் தொடங்குவது. அவருக்கு இது மனப்பாடம் செய்த பொய். முதல் அறுபது வரி வியாபாரி கணக்கு ஒப்பிக்கிற தெளிவோடு போக வேண்டும். இன்னொன்று, சபை தாயைப் பார்த்துக்கொண்டிருக்கும், எலெக்ட்ரா ஒரு ஓரத்தில் நிற்பாள். தேர் நொறுங்கும் இடத்தில் அவள் அசைந்தால் போதும், சபையின் கண் அவள் பக்கம் திரும்பிவிடும். அம்பு தாய்க்கு விட்டது, தைத்தது மகளுக்கு.

பழையதாள் எழுதியது:

இந்தப் பந்தயம் காலமுரண் என்பதையும் சொல்லிவிடலாம். பித்தியன் விளையாட்டுகள் இந்த வடிவில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வந்தவை. கதை டிராய் போர்க் காலத்தது. அரிஸ்டாட்டில் 'கவிதையியலில்' இதை அறிவுக்கு ஒவ்வாதவற்றுக்கு உதாரணமாகக் காட்டிவிட்டுப் போகிறார். சபையில் யாரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை.

நடுக்கூடம் எழுதியது:

எல்லோரும் பிள்ளைகள் பக்கமே பேசுகிறீர்கள். தாய்க்கும் ஒரு வழக்கு இருக்கிறது. டிராய்க்குப் புறப்பட்ட தன் படைக் கப்பல்களுக்குக் காற்று வேண்டுமென்று அகமெம்னான் மூத்த மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுத்தான். பெற்ற வயிறு பொறுக்குமா? அவள் கேட்பதும் அதைத்தான்: அவனுக்கு என்னைப் போல் பத்து மாத வலி இருந்ததா?

எலெக்ட்ரா என்ன பதில் சொல்கிறாள்? அப்பா ஆர்ட்டெமிசின் தோப்பில் மானைக் கொன்று பெருமை பேசினார், அதனால் தேவி படையைத் தடுத்தாள், வேறு வழியில்லை என்கிறாள். சரி. அப்புறம் 582ல் வாயைக் கொடுக்கிறாள்: கொலைக்குக் கொலை என்று சட்டம் போட்டால் முதலில் சாக வேண்டியவள் நீதான். அந்தச் சட்டம் அப்படியே திரும்பி வந்து அவள் தம்பி கழுத்திலும் விழுமே, யோசித்தாளா?

பழையதாள் எழுதியது:

அவள் யோசிக்கவில்லை, சோஃபொக்ளிஸ் யோசித்திருக்கிறார். ஆனால் தாய்க்கு ரொம்பவும் இரங்காதீர்கள். அப்பாவைக் கோடரியால், மரவெட்டி கருவாலியைப் பிளப்பது போல் தலையைப் பிளந்தாள். கொன்ற நாளை மாதாமாதம் ஆட்டமும் ஆட்டுப்பலியுமாகக் கொண்டாடுகிறாள். இது மகள் வாயால் வருவதுதான், அதைக் கழித்துக்கொண்டாலும் மிச்சம் நிறைய இருக்கிறது.

ஒற்றைவிளக்கு எழுதியது:

நடுக்கூடம் சொன்னதில் மேடைக்குத் தேவையான ஒன்று இருக்கிறது. தாயை முழுப் பிசாசாக நடித்தால் 766க்குப் பிறகு வரும் ஐந்தாறு வரி வீண். மகன் செத்த சேதி கேட்டதும், இது அதிர்ஷ்டமா, கொடுமையான லாபமா என்று தடுமாறுகிறாள். பெறுவது விசித்திரமான விஷயம், எவ்வளவு கெடுதல் செய்தாலும் பெற்ற பிள்ளையை வெறுக்க வருவதில்லை என்கிறாள். பிறகுதான் நிம்மதி வழிகிறது. அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் அவள் தாயாக நின்றால்தான் கடைசியில் உள்ளிருந்து வரும் கதறலுக்கு எடை.

பழையதாள் எழுதியது:

கிரிசோதெமிசை எல்லோரும் கோழை என்று ஒதுக்குகிறார்கள். நாடகத்திலேயே உண்மையைக் கண்டுபிடிப்பவள் அவள் ஒருத்திதான். அப்பா சமாதியில் புதுப் பால் வார்த்திருக்கிறது, சுற்றிலும் பூ, விளிம்பில் வெட்டிய முடிக்கற்றை. வேறு யாரும் செய்திருக்க முடியாது, ஒரெஸ்தஸ் வந்துவிட்டான் என்று ஓடி வருகிறாள். நூற்றுக்கு நூறு சரி. எலெக்ட்ரா கேட்காமல், அவன் செத்துவிட்டான், செத்தவன் நினைவாக யாரோ வைத்திருப்பார்கள் என்று அடக்கிவிடுகிறாள். கையில் பிடித்த சாட்சியைக் காதில் விழுந்த பொய் ஜெயிக்கிறது.

இதே முடிக்கற்றையை கி.மு. 458ல் இன்னொரு ஏதென்ஸ் நாடகாசிரியர் ஈஸ்கிலஸ், இதே கதையில், நேராகப் பயன்படுத்தினார். முடி, காலடித் தடம், நெய்த துணி, மூன்றையும் வைத்து அக்கா தம்பியை அடையாளம் காண்கிறாள். அதே ஊர் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் தன் எலெக்ட்ராவில் அந்த மூன்றையும் வரிசையாகக் கிண்டலடித்துத் தள்ளிவிட்டு, புருவத்துப் பக்கத்துத் தழும்பைக் கொண்டுவருகிறார், சின்ன வயதில் மான்குட்டியைத் துரத்தி விழுந்தது. சோஃபொக்ளிஸ் முடிக்கற்றையை வைத்தே எலெக்ட்ராவை உண்மையிலிருந்து விலக்குகிறார். யூரிப்பிடிஸ் முந்தியா, இவர் முந்தியா என்பது தீராத வழக்கு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். தம்பி இல்லை என்று ஆனபின் நாமே செய்வோம் என்று தங்கையைக் கூப்பிடும்போது எலெக்ட்ரா சொல்வது ஏகிஸ்தஸ் பெயரை மட்டும். அம்மா என்ற சொல் அந்த அழைப்பில் வரவே இல்லை. வஞ்சகம் ஒரெஸ்தசுக்கு மட்டும் சொந்தமில்லை.

திரைக்குப்பின் எழுதியது:

கலசத்துக்கு வருகிறேன். கெடுவதெல்லாம் இங்கேதான் கெடுகிறது.

ஒன்று, அளவு. பார்த்த படங்களை வைத்து முழங்கால் உயரக் குடத்தைச் செய்துவிடுகிறார்கள். எலெக்ட்ரா சொல்வது "சின்னக் கலத்துக்குள் சின்னச் சுமை" என்று. ஒரு கை அணைப்பில் அடங்க வேண்டும். பக்கங்கள் வெண்கலம் என்று தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது, அதனால் மண்பானையும் ஆகாது. காகிதக்கூழில் செய்து வெண்கலப் பூச்சு கொடுக்கலாம்.

இரண்டு, எடை. வெறுங்கூட்டைக் கொடுத்தால் கை தானாக மேலே போகும், சபைக்குத் தெரிந்துவிடும். எரித்த உடலின் சாம்பல் இரண்டு முதல் மூன்று கிலோ இருக்கும். இரண்டரைக் கிலோ மணலைத் துணிப்பையில் கட்டி அடியில் ஒட்டுங்கள். தளர்வாகப் போட்டால் அசைக்கும்போது சரசரவென்று கேட்டு அழுகையைக் கெடுக்கும்.

மூன்று, இறக்கி வைப்பது. 1126ல் தொடங்கும் அழுகை 1170 வரை. கலசம் கையிலேயே இருக்க வேண்டும். 1205ல் ஒரெஸ்தஸ் அதைக் கொடு என்று கேட்கும்போது அவள் மறுத்துப் பற்றிக்கொள்வதே காட்சி. முன்பே கீழே வைத்துவிட்டால் அந்தப் பன்னிரண்டு வரி வெறும் பேச்சு. உண்மை தெரிந்தபின் கலசத்தை என்ன செய்வது என்று மூலத்தில் சொல்லவில்லை. பிலாடிஸ் வாங்கிக்கொள்ளட்டும். அவனுக்கு இருக்கிற ஒரே வேலை அது.

ஒற்றைவிளக்கு எழுதியது:

ஒரெஸ்தஸ் எந்த வரியில் அவளைத் தெரிந்துகொள்கிறான் என்பதையும் முடிவு செய்துகொண்டு ஒத்திகைக்குப் போக வேண்டும். கலசத்தைக் கொடுக்கச் சொல்லும்போது, கேட்பது பகையாளி மாதிரி இல்லை, உறவோ சொந்த ரத்தமோ என்கிறான். அது ஊகம்தான். அழுகை முடிந்து கோரஸ் "எலெக்ட்ரா" என்று பெயர் சொல்லித் தேற்றும்போதுதான் அடி விழுகிறது. அடுத்த வாயிலேயே அவனுக்குச் சொல் வரவில்லை. அழுகையின் நடுவிலேயே முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொள்கிற நடிகர்கள் உண்டு. அப்படிச் செய்தால், தெரிந்தும் அழவிட்டான் என்று ஆகிவிடும்.

பிறகு வரிக்கு வரி, அப்புறம் அரை வரிக்கு அரை வரி. சமாதி எங்கே? உயிரோடு இருப்பவனுக்குச் சமாதி கிடையாது. இருக்கிறானா? நான் இருந்தால் அவனும் இருக்கிறான். கடைசியில் அப்பாவின் முத்திரை மோதிரம். இங்கே இடைவெளி விட்டால் செத்தது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

போலஸ் என்ற நடிகர் தன் சொந்த மகனின் சாம்பலைக் கலசத்தில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை நடித்தாராமே?

பழையதாள் எழுதியது:

ரோம எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் எழுதிவைத்த கதை. போலஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்காரர், கெல்லியஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. நடுவில் ஏறக்குறைய ஐந்நூறு வருஷம். மகனைப் பறிகொடுத்துத் துக்கம் முடிந்து மேடை ஏறியபோது அப்படிச் செய்தார், அது நடிப்பில்லை, நிஜ அழுகை என்கிறார். நடந்திருந்தால் வேடிக்கை என்னவென்றால், நாடகத்தில் காலியாக இருக்க வேண்டிய கலசம் அது.

நடுக்கூடம் எழுதியது:

கொலைக்கு வருவோம். ஈஸ்கிலசும் யூரிப்பிடிசும் முதலில் ஏகிஸ்தஸ், கடைசியில் தாய். தாய்க்கொலையே உச்சம், அதன்பின் ஈஸ்கிலசில் பழிதேவதைகள் துரத்துகின்றன. சோஃபொக்ளிஸ் வரிசையைத் திருப்பிவிட்டார். தாய் முதலில், ஏகிஸ்தஸ் கடைசி. பழிதேவதைகள் வரவே இல்லை. தாயைக் கொன்றதை இப்படி அமுக்கிவிட்டது எனக்கு ஒப்பவில்லை.

திரைக்குப்பின் எழுதியது:

அமுக்கியிருக்கிறாரா என்று மேடையில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 1404 முதல் உள்ளிருந்து தாயின் குரல். "மகனே, பெற்றவளுக்கு இரங்கு." வெளியே மகள் பதில் சொல்கிறாள், அவனுக்கு நீ இரங்கினாயா. வெட்டு விழுகிறது. மகள் கத்துகிறாள்: பலமிருந்தால் இன்னொரு அடி கொடு. உள்ளே இரண்டாவது கதறல்.

மேலே சொன்ன வேடப்பங்கீட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். தாயும் ஒரெஸ்தஸும் ஒரே நடிகர். குரல் மட்டும் தேவை என்பதால் அவர் அப்போதே ஒரெஸ்தஸ் உடையில், கையில் சிவப்பு பூசிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று தாயாகக் கதறுகிறார். கோரஸ் ஐந்தாறு வரி பாடியதும் அதே ஆள் ரத்தம் சொட்டும் கையோடு மகனாக வெளியே வருகிறார். சாகிற தாயின் குரல் வந்த தொண்டையிலிருந்தே "வீட்டுக்குள் எல்லாம் நல்லபடி, அப்பல்லோ சொன்னது நல்லதென்றால்" என்று வருகிறது. அந்த "என்றால்" எனக்குப் போதும். பழிதேவதை தேவையில்லை.

நடுக்கூடம் எழுதியது:

அந்த "என்றால்" விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை இல்லை. முகமூடிக்குப் பின்னால் யார் என்று சபை கணக்குப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கும்?

ஒற்றைவிளக்கு எழுதியது:

ஏகிஸ்தஸ் வந்தபின் ஒவ்வொரு வரியும் இருபொருள். செய்தி கொண்டுவந்த அந்நியர்கள் எங்கே என்கிறான். கிரேக்க மூலத்தில் எலெக்ட்ராவின் பதில், வீட்டுக்காரியிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்றும் அவளைத் தீர்த்தார்கள் என்றும் படும். தமிழில் இதற்கு அடிக்குறிப்பே வேண்டாம். "உள்ளேதான், அம்மாவின் காரியத்தை முடித்துவிட்டார்கள்" என்றால் போதும். ஏகிஸ்தசுக்கு வந்த வேலை என்று கேட்கும், சபைக்குக் கருமாதி என்று கேட்கும். அழுத்திச் சொல்லக் கூடாது, போகிற போக்கில் வர வேண்டும்.

கதவைத் திறக்கச் சொல்வதும் அவன்தான், ஒரெஸ்தஸ் செத்ததை ஊரே பார்க்கட்டும் என்று. சக்கர மேடையில் மூடிய பிணம் வருகிறது. துணியை எடு என்றால் ஒரெஸ்தஸ், அது உன் வேலை, நீயே எடு என்கிறான். எடுப்பதற்கு முன் கிளைட்டெம்னெஸ்ட்ராவைக் கூப்பிடச் சொல்கிறான் ஏகிஸ்தஸ். பக்கத்தில்தான் இருக்கிறாள், வேறெங்கும் தேடாதே என்கிறான் ஒரெஸ்தஸ். துணி தலைப்பக்கத்திலிருந்து ஒரு முழம் விலகினால் போதும். முழுக்க உருவினால் பிணமாகப் படுத்திருக்கும் பொம்மை அம்பலமாகும், நடிகர் மிச்சமில்லை என்பதால் அது பொம்மையாகத்தான் இருக்கும்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

ஏகிஸ்தசை மேடையில் கொல்வதில்லை, உள்ளே ஓட்டிக்கொண்டு போவதோடு நாடகம் முடிகிறது, சரியா?

பழையதாள் எழுதியது:

சரி. அப்பாவைக் கொன்ற அதே இடத்தில் சாக வேண்டும் என்று உள்ளே நடத்திப் போகிறான். அகமெம்னானின் தாத்தா பெலோப்ஸ் வம்சத்தின் இன்றைய கேடுகளையும் இனி வரப்போகிற கேடுகளையும் இந்த வீடு பார்த்தே ஆக வேண்டுமா என்று ஏகிஸ்தஸ் கேட்கிறான். உன்னுடையதைப் பார்க்கும் என்பதுதான் பதில். இனி வரப்போவதைப் பற்றி ஒரெஸ்தஸ் மூச்சு விடவில்லை.

1909ல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசைநாடகமாக்கியபோது, அதற்கு வசனம் எழுதிய ஹோஃப்மன்ஸ்தாலின் எலெக்ட்ரா வெற்றிக் களிப்பில் ஆடி அங்கேயே விழுந்து சாகிறாள். சோஃபொக்ளிசின் எலெக்ட்ராவுக்கு அந்த வசதி இல்லை. அவள் உள்ளே போகிறாளா, வாசலில் நிற்கிறாளா என்பதையும் மூலம் சொல்வதில்லை.

திரைக்குப்பின் எழுதியது:

வாசலிலேயே நிறுத்துங்கள். உள்ளே அனுப்பினால் கோரஸ் பாடும் கடைசி மூன்று வரிக்குக் கேட்பவர் யாருமில்லாமல் போகும். கதவு மூடும்போது அவள் முதுகு சபையைப் பார்த்து இருக்கட்டும்.